பொறியியல் வேலையிலிருந்து விளம்பரப் புகைப்படத் தொழிலுக்கு வரலாமா? அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டுதல் வேண்டும்

உடுமலை_ஒளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா உடுமலைப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்தி வருகிறார். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம், தேர்த்திருவிழா என்று ஊரில் எது நடந்தாலும் அவர் கேமராவோடு நிற்பார். இருட்டறையின் சிவப்பு விளக்கும் ஹைப்போ வாடையும் என் சிறுவயது நினைவுகளில் முதலில் வருபவை. ஆனாலும் இந்தத் தொழில் தன்னோடு போகட்டும் என்று அவர் முடிவெடுத்துவிட்டதால் நான் இயந்திரப் பொறியியல் படித்தேன். இப்போது எனக்கு 31 வயது. கோவையில் பம்புகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் நிறுவனத்தின் புதிய கேட்லாக்குக்காகச் சென்னையிலிருந்து ஒரு புகைப்படக் கலைஞர் இரண்டு உதவியாளர்களோடு வந்திருந்தார். அவருக்கு வேண்டியதைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த ஒரே ஒரு மோனோபிளாக் பம்பைப் படமெடுக்க அவர் முற்பகல் முழுவதையும் செலவிட்டார். எனக்கு முதலில் பொறுமை இல்லை. பிறகு அவர் ஒரு தெர்மாகோல் அட்டையை ஒரு சாண் தள்ளிவைத்தபோது, கணினித் திரையில் அந்தப் பம்பின் நத்தைக்கூடு போன்ற உடல் திரண்டு எழுந்து நின்றது. அதே வார்ப்பை நாள்தோறும் அளந்து பார்த்துக் கையெழுத்திடுகிறவன் நான். அதன் வடிவத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. விடுமுறை நாள்களில் அப்பாவின் ஸ்டூடியோவில் பொருள்களை வைத்துப் படமெடுத்துப் பழகுகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வருகிறார்கள், கல்லூரியில் முறையாகப் படிக்காதவர்களுக்கு இடம் உண்டா, படமெடுக்காத நாள்களில் என்ன செய்கிறீர்கள், ஒரு குடும்பத்தை நடத்தும் அளவுக்கு இதில் வருமானம் நிலைக்குமா என்பவற்றை, இதையே தொழிலாகக் கொண்டவர்கள் மனம்விட்டுச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். திருமணப் படங்களைப் பற்றி எனக்குத் தெரியும். நான் கேட்பது விளம்பரம், கேட்லாக், தொழிற்சாலை போன்ற வணிகப் படங்களைப் பற்றி மட்டும்.

—

பட்டர்பேப்பர் எழுதியது:

வணக்கம் தம்பி. சென்னையில் 1991-லிருந்து விளம்பரப் படங்கள் எடுத்து வருகிறேன். அவற்றில் முதல் ஐந்து ஆண்டுகள் உதவியாளனாகத்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்னணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் பிராசஸ் கேமரா பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஒரு வண்ணப்படத்தை நான்கு நிறங்களாகப் பிரித்து நெகடிவ் எடுப்பதுதான் அங்கே என் வேலை. அதில் கலை எதுவும் இருப்பதாக அன்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் மஞ்சளோடும் மஜந்தாவோடும் சயான் கொஞ்சம் கூடிவிட்டால் தங்கம் பச்சையடித்துப் பித்தளையாகிவிடும் என்பதை அந்த அச்சகத்தில்தான் கற்றேன். பின்னாளில் நகைக்கடை விளம்பரங்கள் என்னைத் தேடி வந்ததற்கு அந்த ஒரு அறிவு பெரிய காரணம். என்னோடு தொழிலுக்கு வந்தவர்களில் ஒருவர் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர், ஒருவர் சினிமாவில் லைட்மேனாக இருந்தவர், ஒருவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. மருந்து விற்றவர்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சம்பாதித்தார், ஏனென்றால் வாடிக்கையாளரின் அறையில் எப்போது பேச வேண்டும், எப்போது எழுந்து வர வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பெயர்பெற்றவர்களைப் பார்த்தாலும் இப்படித்தான். அமெரிக்காவின் இர்விங் பென் வடிவமைப்புப் படித்து, ஓவியராக முயன்று, அந்த ஓவியங்களைத் தானே அழித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர். 1968 முதல் கிளினீக் (Clinique) என்ற நிறுவனத்தின் அழகுப்பொருள்களுக்கு அவர் எடுத்த படங்களில் ஒரு புட்டியும் ஒரு கிரீம் குழைவும் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்பதற்கு அந்த ஓவியக் கண்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் பிரபுத்த தாஸ்குப்தா வரலாறு படித்தவர், விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். எனவே பொறியியல் படித்துவிட்டோமே என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம்.

கல்லூரியைப் பொறுத்தவரை, படித்தால் நல்லது. படிக்காவிட்டால் வழியில்லை என்பது இல்லை. ஊட்டிக்கு அருகே லவ்டேலில் 2001-இல் இக்பால் முகமதுவும் அனுராதா இக்பாலும் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி வந்த பிறகு, இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டு வருகிறவர்களை நம் பக்கத்திலேயே பார்க்கிறோம். அதைத் தொடங்கிய இக்பாலே விளம்பரப் படங்கள் எடுத்தவர் என்பது கவனிக்கத்தக்கது. விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு வருகிறவர்களும் நிறைய. ஆனால் எங்கே படித்தாலும், அதன் பிறகு ஒருவரிடம் உதவியாளராக இருந்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டிரான்ஸ்பரன்சி எனப்படும் பாசிட்டிவ் ஃபிலிம் காலத்தில் நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிமில்தான் நகைகளை எடுப்போம். நகை சிறியது, எல்லாப் பகுதியும் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதனால் லென்ஸின் துளையை மிகவும் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஒரே ஃபிளாஷ் வெளிச்சம் போதாது. ஆகையால் அறையை முற்றிலும் இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, ஃபிளாஷை எட்டு முறையோ பத்து முறையோ அடுத்தடுத்து அடிப்போம். ஒவ்வொரு முறையும் அது சார்ஜ் ஆகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் ஏழாவது ஃபிளாஷுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் என் கால் மரத்துப்போய், பலகைத் தரையில் லேசாக மாற்றி ஊன்றினேன். சத்தம்கூட வரவில்லை. மாலையில் லேபிலிருந்து ஃபிலிம் வந்தபோது அட்டிகையின் ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் இன்னொரு மணி, மயிரிழை தள்ளி நின்றது. என் ஆசான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த ஷீட்டை ஹோல்டரில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அன்றிரவு பதினொரு மணிவரை மறுபடியும் எடுத்தோம்.

இன்று அந்தச் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. மேக்ரோ லென்ஸில் மூக்குத்தியின் முன் இதழ் தெளிவாக இருந்தால் பின் இதழ் கலங்கிவிடும். எனவே ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருபது, முப்பது படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறோம். இருபத்தொன்றாவது படத்தின்போது யாராவது கதவைத் திறந்தால் கதை அதேதான்.

தங்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பளபளப்பான தங்கத்துக்கென்று சொந்த முகம் கிடையாது. எதிரில் எது இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். வெள்ளை அட்டை இருந்தால் ஒளிரும், கறுப்பு அட்டை இருந்தால் விளிம்பு பிறக்கும், எதுவும் இல்லாவிட்டால் படமெடுக்கிறவனின் சட்டை தெரியும். பின்பக்கம் மூடிக் கட்டிய கெம்புக் கற்கள் நேர் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். ஒவ்வொரு கல்லுக்கும் சுண்டுவிரல் நக அளவுக் கண்ணாடித் துண்டைத் தீக்குச்சியில் மெழுகு வைத்து நிறுத்தி, ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு கண்விழிக்கும். கடையிலிருந்து ஆள் எடைச்சீட்டோடு நகையைக் கொண்டுவருவார். மாலையில் தராசில் நிறுத்துச் சரிபார்த்துக்கொண்டுதான் திரும்புவார். அதுவரை ஸ்டூடியோவில் இருக்கும் எல்லோருக்கும் அது ஒரு பாரம். ஒருமுறை ஒரு ஜிமிக்கியின் முத்து உதிர்ந்து, ஆறு பேர் செல்போன் விளக்கோடு தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறோம்.

படமெடுக்காத நாள்களில் என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். என் நாட்குறிப்பைப் புரட்டினால், நல்ல மாதத்தில் ஏழெட்டு நாள்தான் கேமராவைத் தொட்டிருப்பேன். மற்ற நாள்கள் லே-அவுட் பற்றிய பேச்சு, கொட்டேஷன், பின்னணித் துணிக்கும் பாத்திரத்துக்கும் பாரிமுனைத் தெருக்களில் அலைச்சல், கணினியில் படத்தைச் செப்பனிடும் ரீடச்சிங், பணத்துக்கு நினைவூட்டல் என்று போய்விடும். ஊரார் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே எங்கள் பரபரப்புத் தொடங்கிவிடும். சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம் என்பதால், தை மாதத்துக்கு வேண்டிய படத்தைச் சித்திரை வெயிலில் எடுத்துக்கொண்டிருப்போம்.

—

கொங்குக்_கேமரா எழுதியது:

நகையைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். நான் திருப்பூரில் பின்னலாடைக் கேட்லாக் படங்கள் எடுக்கிறேன். எங்கள் உலகம் வேறு மாதிரி. ஐயா ஒரு நகைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார். எங்களுக்கு ஒரு நாளில் அறுபது எழுபது உடைகள் முடிய வேண்டும். விளம்பரப் படம் என்றதும் ஒற்றைப் படத்துக்கு ஒரு படையே உழைப்பது போன்ற காட்சிதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆனால் இணையக் கடைகள் பெருகிய பிறகு இத்துறையில் சோறு போடுகிற வேலையில் பெரும்பங்கு எங்களுடையதைப் போன்றதுதான் என்பதைத் தம்பி அறிந்துகொள்ள வேண்டும்.

நான் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகப் பத்து ஆண்டுகள் இருந்தவள். எந்தத் துணி எப்படி விழும், ரிப் பின்னலுக்கும் இன்டர்லாக் பின்னலுக்கும் என்ன வேறுபாடு, வெளிநாட்டு பையர் எதைப் பார்த்து ரிஜெக்ட் செய்வார் என்பதெல்லாம் அங்கே பழகியது. படமெடுக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். முதல் வாடிக்கையாளர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் படங்கள் அல்ல. அவர் கொடுத்த சாம்பிளில் கழுத்துப் பட்டி தைத்த விதம் மாறியிருந்ததை நான் கண்டுபிடித்துச் சொன்னேன், அதுதான் காரணம்.

ஒரு குழந்தைச் சட்டை எங்களிடம் என்ன பாடுபடுகிறது என்று சொல்கிறேன். பாலிபேக்கிலிருந்து எடுத்ததும் நீராவி அயர்ன். பிறகு தொங்கும் நூல்களைக் கத்தரிப்போம், பஞ்சுத் துணுக்குகளை ஒட்டும் உருளையால் எடுப்போம். பொம்மையில் மாட்டி, முதுகுப் பக்கம் துணியைக் கிளிப் போட்டு இழுத்து முன்பக்கத்தைச் சீராக்குவோம். முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம், உடையைத் திருப்பிப் போட்டுக் கழுத்தின் உட்புறம் மட்டும் ஒரு படம். கணினியில் பொம்மையை அழித்துவிட்டு உட்கழுத்தை அங்கே பொருத்தினால்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தை அந்தச் சட்டையை அணிந்து நிற்பது போல் வரும். இதில் என் பங்கைவிட அயர்ன் போடும் அக்காவின் பங்கு பெரிது. அவர் விடுப்பு எடுத்த நாளில் எங்கள் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

நிறம்தான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை. திரையில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்த சட்டை வீட்டுக்குப் போய் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுப்பேன். ரீடச் செய்யும் மேசைக்குப் பக்கத்திலேயே, சாயப்பட்டறைகளில் நிறம் பார்க்க வைத்திருக்கும் லைட் பாக்ஸ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். துணியை அதனுள் வைத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கோப்பு வெளியே போகும்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு நாள் கூலி அல்ல, உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு. எனவே கேமராவைவிட ஒழுங்குதான் முதலாளி. எந்தச் சாம்பிள் எந்தப் பெட்டியில் வந்தது என்ற பட்டியல் தவறினால் இரண்டு நாள் உழைப்பு வீண். ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு நிறுவனம் ஏழு மாதங்கள் பணம் தராமல் இழுத்தடித்தபோது, பள்ளிக் கட்டணத்துக்காக என் இரண்டாவது கேமரா பாடியை விற்றேன். அதன் பிறகு முன்பணம் வாங்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. இடுப்பு வலி வரும். ஆண்கள் நிறைந்த ஃபாக்டரி வளாகத்தில், இரவில் முடியும் வேலைகளுக்கு உதவியாளர் இல்லாமல் நான் போவதில்லை. இதை என்னைப் போல் வர நினைக்கும் பெண்களுக்காகவும் எழுதுகிறேன். ஆனாலும் என் மகள் தன் தோழிகளிடம் இணையக் கடையைத் திறந்து "இது எங்கம்மா எடுத்தது" என்று காட்டும்போது எனக்குள் ஏற்படும் நிறைவை அந்தப் பழைய வேலை தந்ததில்லை.

—

லேஅவுட்_மேசை எழுதியது:

நான் புகைப்படக் கலைஞர் அல்ல. விளம்பர நிறுவனங்களின் தயாரிப்புப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து, யாரை அமர்த்துவது என்று முடிவெடுக்கும் மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன். மேலே இருவரும் தொட்டும் தொடாமலும் விட்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அது காகிதம்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படமெடுத்தவரே அதன் ஆக்கியோன். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுத்த புகைப்படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அந்தப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாமல், தான் எடுத்த படம் தனக்குத்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு பல கலைஞர்கள் காலம் கழிக்கிறார்கள். உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட ஊடகத்துக்கும் மட்டும் பயன்படுத்த அனுமதி என்று இருக்க வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே அதைக் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஒரு படம் கடைக்குள் வைக்கும் அட்டைக்கு மட்டும் பயன்படுகிறதா, அண்ணாசாலையில் பலகையாக நிற்கப் போகிறதா, ஓர் ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுகளுக்கா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாற வேண்டும் என்பதே நியாயம். ஆனால் நம் ஊரில் மொத்தமாக எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கமே மேலோங்கியிருக்கிறது, அதற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

பணம் தாமதமாவதைப் பற்றித் திருப்பூர் சகோதரி எழுதியது மனத்தை வருத்தியது. இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்துகொண்ட குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குள் தராத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாதபடி 2023-இல் ஒரு திருத்தமும் வந்தது. அதன் பிறகு மார்ச் மாதத்தில் எங்கள் கணக்குப் பிரிவினரே உத்யம் சான்று இருக்கிறதா என்று கலைஞர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். அந்தச் சான்றைப் பெறக் கட்டணம் கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். உங்கள் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் சேரும் என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்போம் என்று கேட்டால், படம் நன்றாக இருப்பது முதல் தகுதிதான், ஆனால் அந்தத் தகுதியோடு பத்துப் பேர் வருவார்கள். அவர்களில், பொருளைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பவரிடம் வேலை போகும். கோவையில் பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் தயாரிக்கும் நிறுவனங்கள் எத்தனை இருக்கின்றன என்று தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார்த்த பரப்புக்கும் கடைந்த பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பொறியாளரிடம் அவருடைய மொழியிலேயே பேசத் தெரிந்த புகைப்படக் கலைஞர் என் காலத்தில் கிடைத்திருந்தால் விடாமல் பிடித்து வைத்திருப்பேன். மும்பையில் மித்தர் பேடி என்றொருவர் இருந்தார், 1985-இல் மறைந்தார். எஃகு ஆலைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் கண்ணெடுக்க முடியாத படங்களாக எடுத்து, தொழிற்சாலைப் படம் என்ற துறைக்கே இந்நாட்டில் ஒரு மதிப்பைத் தேடித் தந்தவர். அவர் படங்களைத் தேடிப் பாருங்கள்.

—

உடுமலை_ஒளி எழுதியது:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான் எட்டு ஆண்டுகளை வீணாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கேள்வி. பொருள்களின் படங்களைச் செயற்கை நுண்ணறிவே உருவாக்கித் தருகிறது என்கிறார்கள். எங்கள் நிறுவனத்திலேயே பம்பின் கேட் (CAD) எனப்படும் கணினி வடிவமைப்பு வரைபடத்திலிருந்து கணினியில் படம் செய்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். இப்போது வேலையை விட்டு இறங்குவது சரியா?

—

பிக்சல்_தச்சன் எழுதியது:

நான் ரீடச்சிங்கும் முப்பரிமாணப் படங்களும் செய்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்வது பொருந்தும். கேட் வரைபடத்திலிருந்து செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறோம். கார் விளம்பரங்கள் பலவற்றில் நீங்கள் பார்ப்பது நிஜக் காரே அல்ல. மரச்சாமான்கள் விற்கும் ஐகியா நிறுவனம் 2006-இல் பெர்ட்டில் என்ற ஒரு மர நாற்காலியைக் கணினியில் உருவாக்கித் தன் கேட்லாக்கில் சேர்த்தது. 2014 வாக்கில் அதன் பொருள்களின் படங்களில் முக்கால் பங்கு இப்படி உருவானவை என்று அவர்களே சொன்னார்கள். உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளைப் பின்னணியில் நிற்கும் எளிய பொருள்களின் படங்கள் நம் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன.

ஆனால் அந்த நிறுவனம் செய்த இன்னொன்றையும் கவனியுங்கள். கணினிப் படங்கள் உயிரில்லாமல் இருந்ததால், புகைப்படக் கலைஞர்களுக்கு முப்பரிமாண மென்பொருளையும், கணினிக் கலைஞர்களுக்குக் கேமராவையும் கற்றுக்கொடுத்து இருவரையும் கலந்தார்கள். என் அனுபவமும் அதுதான். மென்பொருளில் விளக்கை எங்கே வைப்பது என்று தெரியாதவர் செய்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பிளாஸ்டிக் போல இருக்கிறது. நான் என் குழுவில் சேர்ப்பவர்களிடம் முதலில் ஸ்டூடியோவில் ஒளியமைத்த அனுபவம் உண்டா என்றுதான் கேட்கிறேன். பட்டுச் சேலையில் பாவும் ஊடும் வேறு வேறு நிறமாக இருந்து, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுவதை நம்பும்படி உருவாக்க இன்றுவரை நான் திணறிக்கொண்டிருக்கிறேன். அதை நேரில் படமெடுத்து வாங்கிக்கொள்வதே விரைவாக இருக்கிறது.

—

பட்டர்பேப்பர் எழுதியது:

தம்பி, வேலையை விடுவதைப் பற்றி: இப்போது விடாதீர்கள். ஓராண்டுக்கு வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்த பிறகு விடுங்கள். அதற்குள் விடுப்பு நாள்களில் கோவையிலேயே யாரிடமாவது உதவியாளராகப் போய் நில்லுங்கள். 31 வயதில் ஸ்டாண்டு தூக்குவதற்குக் கூச்சமாக இருக்கும். நான் தூக்கும்போது எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது, பத்து நாளில் போய்விட்டது. கருவிகள் வாங்கக் கடன் வாங்காதீர்கள். பெரிய விளக்குகளும் லென்ஸ்களும் நாள் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கின்றன.

அதற்கு முன் ஒரு பயிற்சி தருகிறேன். என் ஆசான் எனக்குக் கொடுத்தது, நான் என் உதவியாளர்கள் எல்லோருக்கும் கொடுத்தது. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். அறையில் இருக்கும் எந்தப் பொருளும் அதில் தெரியக் கூடாது. இரு பக்க விளிம்புகளும் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும், நடுவில் ஒளி மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குறைய வேண்டும். கணினியில் எதையும் திருத்தக் கூடாது. ஒரு விளக்கு, ஒரு பட்டர் பேப்பர், இரண்டு கறுப்பு சார்ட் அட்டைகள் போதும். வந்ததும் இங்கே போடுங்கள்.

—

உடுமலை_ஒளி எழுதியது:

ஐயா, நான்கு இரவுகள் ஆயின. முதல் இரவில் டியூப்லைட், ஜன்னல், சுவரிலிருந்த முருகன் காலண்டர் எல்லாம் டம்ளருக்குள் இருந்தன. இரண்டாம் இரவில் பட்டர் பேப்பரை வளைத்து டம்ளரைச் சுற்றிக் கூடாரம் போல் கட்டினேன். அறை மறைந்தது, ஆனால் விளிம்பும் மறைந்து டம்ளர் தாளோடு கரைந்துபோனது. அட்டைகளை இரு பக்கமும் கிட்டத்தில் கொண்டுவந்த பிறகு கறுப்புக் கோடு வந்தது.

நேற்று இரவு கடையைச் சாத்திவிட்டு அப்பா வந்து என் பின்னால் நின்றார். இதுவரை இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, டம்ளரின் அடிவிளிம்பில் ஓர் அரிசி அளவுக்கு நீலமாக எதுவோ இருப்பதைச் சுட்டிக்காட்டி, "அது உன் சட்டைடா" என்றார். நான் மூன்று இரவுகளாக அதைப் பார்க்கவில்லை. பிறகு அவரே உள்ளே போய், இருட்டறை ஜன்னலுக்கு முன்பு போட்டிருந்த பழைய கறுப்புத் துணியை எடுத்து வந்து என் தோளில் போர்த்திவிட்டு, வலப்பக்க அட்டையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். கடைசிப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடப்பக்கக் கோடு மேலே கொஞ்சம் தடித்திருப்பதாக அப்பா சொல்கிறார். வேறு குறைகள் இருந்தால் சொல்லுங்கள் ஐயா.